மீட்பா, மெருகூட்டலா?

'மீட்கப்பட்ட பதிப்பு' என்னும் இரு சொற்கள் இன்று பழைய திரைப்படங்களின் இறுவட்டுப் பெட்டிகள்மீது பெரிய எழுத்திலே பொறிக்கப்பட்டு வருகின்றன. மீட்டல் என்பது பாரமான சொல். அடகு வைத்த நகையை மீட்கிறோம். பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்பவரின் மறத்தைப் பாடுவது கரந்தை. மீட்டவன் எவனாயினும், தான் எதை மீட்டான், எவ்வளவை மீட்டான், எது இன்னும் மீளவில்லை என்று கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன். அந்தக் கணக்கை இப்பெட்டிகள் சொல்கின்றனவா என்பதே எமது கேள்வி.

ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். 1936 பெப்ரவரியில் இலண்டனில் வெளியான 'திங்ஸ் டு கம்' (வரவிருப்பவை எனத் தமிழிற் சொல்லலாம்) பிரித்தானிய விஞ்ஞானப் புனைகதைப் படங்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுவது. எச். ஜி. வெல்ஸ் 1933 இல் வெளியிட்ட தமது நூலைத் தழுவித் தாமே கதை வசனம் எழுதினார். அலெக்சாந்தர் கோர்டா தயாரித்தார். வில்லியம் கமரன் மென்சீஸ் நெறிப்படுத்தினார். ஆதர் பிளிஸ் இசையமைத்தார். 'எவ்ரிடவுன்' என்னும் கற்பனை நகரொன்றின் ஏறக்குறைய நூறாண்டு வரலாறு அது. 1940 நத்தார்க் காலத்தில் வானிலிருந்து குண்டு விழுகின்றது. போர் பல்லாண்டு நீடித்து நாகரிகத்தைத் தின்று தீர்க்கின்றது. 'அலையும் நோய்' என்னும் கொள்ளைநோய் எஞ்சிய மக்களுட் பெரும்பகுதியை அழிக்கின்றது. 1970 இல் இடிபாடுகளின் நடுவே ஒரு குட்டிச் சர்வாதிகாரி ஆளுகிறான். விமானங்களில் வந்திறங்கும் பொறியியலாளர் அவனை வீழ்த்தி, வெண்ணிறமான புதுநகரைப் படைக்கின்றனர். 2036 இல் அந்நகரம் ஓர் இளைஞனையும் ஒரு யுவதியையும் சந்திரனை நோக்கி ஏவும் பெரும் பீரங்கி ஒன்றை நிறுத்துகின்றது. உண்மையான போர், வெல்ஸ் குறித்த நாள்வரை காத்திருக்கவில்லை. 1939 இலேயே தொடங்கிவிட்டது.

இனிக் கணக்குக்கு வருவோம். முதலிற் கோத்தெடுக்கப்பட்ட வடிவில் இப்படம் ஏறக்குறைய 130 நிமிடம் ஓடியது. தணிக்கைச் சபையின் முன் வைக்கப்பட்டபோது 117 நிமிடம். மக்களுக்குக் காட்டப்பட்டபோது 108. அவ்வாண்டு முடிவதற்குள் 98 நிமிடப் பிரதி ஒன்று புழக்கத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்காவுக்குச் சென்றது அதனினும் சற்றுக் குறைந்தது. 1943 இல், போரின் நடுவே, படத்தை மறுபடியும் வெளியிட்டபோது எஞ்சியிருந்தது ஏறத்தாழ 72 நிமிடம். ஏழே ஆண்டுகளில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றே குறைந்த பகுதி மறைந்துபோயிற்று! இவ்வெட்டுக்களுட் பெரும்பாலானவற்றை அரசாங்கத்தின் தலையிலோ தணிக்கையின் தலையிலோ சுமத்த முடியாது. படத்தை உடைமையாகக் கொண்டோரும் விநியோகித்தோரும் ஏந்திய கத்தரியே அதைச் செய்தது.

போனவை வெறும் சதைத் திரட்சியோ? அன்று. வெல்ஸ் தமது திரைக்கதையை 1935 இல் நூலாகவும் வெளியிட்டார். அதைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போர்க்கு உண்மை விளங்கும். விமானங்களும் குண்டுகளும் இயந்திரங்களும் கட்டடங்களும் பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன. குறைந்தும் மறைந்தும் போனது மனிதர் ஒருவரோடொருவர் வாதிட்ட பகுதி. சிறப்பாக ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மார்கரெட்டா ஸ்கொட் என்னும் நடிகை இப்படத்தில் இரு வேடங்களை ஏற்றார்: 1970 இன் சர்வாதிகாரியோடு வாழும் ரொக்சானா, 2036 இல் நகர்த் தலைவன் கபாலின் முன்னாள் மனைவியான ரொவீனா. இந்த இரண்டாமவளுக்கு நூலிலே உரையாடல் உண்டு. ஆணின் விஞ்ஞானக் கனவிற் பெண்ணுக்கு இடம் யாது என்பதை எழுப்புபவள் அவள். இன்று கிடைக்கும் பிரதிகளில் ரொவீனாவைத் தேடிப் பாருங்கள். அவள் இல்லை என்றே சொல்லிவிடலாம். வெல்ஸ் அக்கேள்விக்குச் சரியான விடை தந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கேட்டார். கேட்ட கேள்வியையே கத்தரித்துவிட்டு, பீரங்கியை மட்டும் காட்டினார்கள்.

இந்தப் படத்துக்குத்தான் 'மீட்பு' நடந்தது, ஒருமுறையன்று, பலமுறை. அமெரிக்காவிலே பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமையால் இது பல்லாண்டுகள் பொதுவுடைமையாகக் கிடந்தது. அவ்வேளையிற் கைக்குக் கிடைத்த தேய்ந்த பிரதிகளை எல்லாம் ஆளாளுக்குப் பெயர்த்து மலிவு விலைக்கு விற்றனர். முகம் தெரியாது, வசனம் கேளாது, பிளிஸின் இசை தகரத்தில் மழை பெய்தாற்போல் ஒலிக்கும். 1994 இல் இயற்றப்பட்ட சட்டமொன்றினால் 1996 இல் அவ்வுரிமை மறுபடியும் உயிர்பெற்றது. 2007 இல் இரண்டு வெளியீடுகள் வந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மீட்பு என்னும் ஒரே சொல்லின் இரு முகங்கள் தெரியும்.

ஒன்று அமெரிக்க நிறுவனமான லெஜண்ட் பிலிம்ஸ் வெளியிட்டது. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கணினியால் வர்ணம் தீட்டினார்கள். திரைமாயத்திற் பெரும் புகழ் பெற்ற ரே ஹரிஹவுசனை ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள். பணமும் வசதியும் இருந்திருந்தால் அக்காலத்தவர் வர்ணத்திலேயே எடுத்திருப்பார்கள் என்பது வர்ணம் பூசுவோர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். இருக்கலாம். ஆனால் இப்படத்தை நெறிப்படுத்தியவர் வர்ணம் அறியாத மனிதரல்லர். மூன்றாண்டு கழித்து 'கோன் வித் த விண்ட்' படத்தில் வர்ணத்தைக் கையாண்ட திறனுக்காகவே தனி ஒஸ்கார் விருது பெற்றவர் மென்சீஸ். அவர் கறுப்பு வெள்ளைக்கென்று ஒளியையும் நிழலையும் வகுத்த இடத்தில், எழுபதாண்டு கழித்து வந்த ஒருவர் இங்கே நீலம் வேண்டும், அங்கே ஊதா வேண்டும் என்று தீட்டுவதற்குப் பெயர் மீட்பா? இழந்தவற்றுள் ஒரு நிமிடமும் அதனால் மீளவில்லை. இல்லாத ஒன்று கூடியதே மிச்சம்.

மற்றது இலண்டனில் நெற்வேர்க் என்னும் நிறுவனம் வெளியிட்டது. அவர்கள் தம்மிடமிருந்த பிரதியைத் தூய்மை செய்து தந்ததோடு நில்லாமல், இன்னொரு காரியமும் செய்தார்கள். காணாமற்போன காட்சிகள் வரவேண்டிய இடங்களில் நிழற்படங்களையும் திரைக்கதை வாசகத்தையும் இட்டு, படம் எவ்வாறு அமைந்திருந்தது என்று பார்ப்பவன் உணருமாறு ஒரு நீண்ட வடிவத்தையும் சேர்த்தார்கள். அதைப் பார்ப்பது இன்பமான அனுபவமன்று. ஓடிக்கொண்டிருக்கும் படம் நின்றுவிடும், எழுத்து வரும், மறுபடி ஓடும். இரசனைவாதி ஒருவர் பொறுமையிழந்து எழுந்து போய்விடக்கூடும். ஆயினும் இதுவே நேர்மையான மீட்பு. இங்கே ஒரு காயம் உண்டு, அதன் அளவு இவ்வளவு என்று காட்டுகிறது அது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய நெறியன்று. புறநானூற்றைத் திறந்து பாருங்கள். 266 இன் பின் 269 வரும்; 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்து, அச்சிற் புள்ளிகளாகக் கிடக்கின்றன. தாமோதரம்பிள்ளைக்கும் சாமிநாதையருக்கும் வெண்பாவும் ஆசிரியப்பாவும் இயற்றத் தெரியாதா? அந்தப் புள்ளிகளின் மேல் நல்ல அடிகளைத் தாமே எழுதி நிரப்ப ஐயருக்கு ஒரு மாலைப்பொழுது போதும். நிரப்பியிருந்தால் நாம் கண்டுபிடித்தும் இருக்கமாட்டோம். செய்யவில்லை. செல்லரித்த இடத்தைச் செல்லரித்த இடமாகவே எமக்குத் தந்தார். அந்தப் புள்ளிகளை நம்புவதால் அல்லவா மற்ற அடிகளையும் நம்புகிறோம்!

புள்ளியிடும் அந்த நாணம் இன்றைய படத் தொழிலில் அருகி வருகின்றது. தொழில்முறையைச் சற்றே விளக்கவேண்டும். பழைய படச்சுருளின் படிமம் என்பது வெள்ளியின் நுண்மணிகளால் ஆனது. திரையிற் சிறு பொறிகளாகத் துடிப்பது அழுக்கன்று. அந்த மணிகளே படம். சுருளில் ஒட்டிய தூசும் கீறலும் வேறு. அவற்றை நீக்குவது முறையான பணி. ஆனால் தொலைக்காட்சித் திரையிற் கண்ணாடிபோல் வழுவழுப்பாகத் தெரிந்தாற்றான் விலைபோகும் என்று எண்ணும் வியாபாரி, தூசோடு மணியையும் சேர்த்துத் துடைக்கச் சொல்கிறான். கணினி துடைக்கின்றது. நடிகரின் தோலிலுள்ள துவாரமும் சுருக்கமும் துணியின் நெசவும் அதோடு போய், முகங்கள் மெழுகுப் பொம்மைகளாகின்றன. ஒலிக்கும் இதே கதிதான். சுருளோரத்து ஒலித்தடத்தின் இரைச்சலை அளவுமீறி அடக்கினால் வயலின்களின் மேற்சுரங்களும் அடங்கிவிடும். இசைக்காகப் பெயர்பெற்ற ஒரு படத்துக்கு இது சிறு நட்டமன்று. அண்மைக்காலத்திலோ, ஆயிரமாயிரம் முகங்களைக் கண்டு பழகிய கணினி, இல்லாத கண்ணிமையையும் தலைமயிரையும் தானே கற்பித்து வரையத் தொடங்கிவிட்டது. புள்ளியிருந்த இடத்திற் பொய்யடி. அதன்மேலும் 'மீட்கப்பட்டது' என்ற முத்திரை!

இந்த இடத்தில் எனது முற்போக்கு நண்பர் ஒருவர் இடைமறிக்கிறார். கலாசாலையில் என்னோடு கற்பிப்பவர், கூரிய வாசகர். அவர் வாதம் இது: “வெல்சின் படம் உழைக்கும் மக்களை நம்பாத படம். பொறியியலாளர் என்னும் சிறு கூட்டம் மேலிருந்து வந்து உலகைத் திருத்துமாம்; மக்களோ சர்வாதிகாரிக்குக் கூழைக்கும்பிடு போடும் மந்தை, அல்லது பீரங்கியை உடைக்க ஓடும் கும்பல். இத்தகைய நச்சுக்கனவை மீட்பதற்கு நீர் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? மக்கட்டும், விடும்.”

நண்பரின் விமர்சனத்தை நான் முழுவதும் ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. படத்திலே அந்த விமானிகளின் தலைமையகம் எங்கே இருக்கின்றது? ஈராக்கின் பஸ்ராவில். இது தற்செயலா? முதல் உலகப் போருக்குப் பின் பிரித்தானியா ஈராக்கைத் தன் பொறுப்பாட்சியில் வைத்திருந்த காலத்தில், அங்கே கிளர்ந்த குடிகளை அடக்க வானிலிருந்து குண்டு பொழிவதையே சிக்கன வழியாகக் கொண்டது. 1932 இல் அந்நாடு பெயரளவிற் சுதந்திரம் பெற்ற பின்னரும் பஸ்ராவின் அருகே பிரித்தானிய விமானத்தளம் இருந்தது. வெல்சின் விமானிகள் அதே மண்ணிலிருந்து புறப்பட்டு, 'சமாதான வாயு' என்ற ஒன்றை நகரின்மேல் வீசி மக்களைத் தூங்கவைத்து, நாகரிகத்தைக் கொடுக்கிறார்கள்! ஏகாதிபத்தியத்தின் அடிமனத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் காட்சி வேறெங்கே கிடைக்கும்? இதே வெல்ஸ்தான் 1934 யூலையில் மொஸ்கோ சென்று ஸ்டாலினைச் சந்தித்து, தொழினுட்பப் புத்திசீவிகளே புதிய உலகின் படைப்பாளிகளாகலாம் என்று வாதாடினார். அப்புத்திசீவிகள் தாமாக வரலாற்றை நடத்த வல்லவரல்லர், அரசியல் அதிகாரமின்றி உலகை மாற்ற இயலாது என்பது அன்று கிடைத்த மறுமொழி. அதைச் சொன்னவரின் பிற்காலச் செயல்களை இன்று யாவரும் அறிவோம். வாதம் வாதமாகவே நிற்கின்றது. படம் அந்த வாதத்தின் தொடர்ச்சி. குற்றஞ்சாட்டுவோர்க்கே முழு ஏடு முதலில் வேண்டும். அரைப் பிரதியை வைத்துக்கொண்டு ஒருவரைத் தூற்றுவதும் அரைப் பிரதியை வைத்துக்கொண்டு ஒருவரைத் துதிப்பதும் ஒரே வகையான சோம்பல்.

வெட்டு எல்லாமே குற்றம் என்றும் நான் சொல்லவில்லை. 1956 முதல் எமது இலங்கையிலேயே வாழ்ந்து மறைந்த ஆதர் சி. கிளார்க், '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' உருவாகும் காலத்தில், இந்த 'திங்ஸ் டு கம்' படத்தைப் பார்க்குமாறு ஸ்டான்லி குப்ரிக்கைத் தூண்டினார். குப்ரிக் பார்த்தார், அறவே பிடிக்கவில்லை. இனி உமது சிபாரிசில் எதையும் பாரேன் என்று சொல்லிவிட்டாராம். (எந்தப் பிரதியைப் பார்த்தாரோ!) அதே குப்ரிக் 1968 ஏப்பிரலில் தமது படத்தின் முதற்காட்சி முடிந்த கையோடு 19 நிமிடத்தைத் தாமே வெட்டினார். அது ஆசிரியன் தன் செய்யுளைத் திருத்துவது. 'திங்ஸ் டு கம்' படத்துக்கு நேர்ந்தது, அச்சகத்தான் தாள் மிச்சம்பிடிக்கச் செய்யுளைக் குறைத்தது. மீட்பவன் இவ்விரண்டையும் வேறுபிரித்து அறியவேண்டும். முன்னதை அப்படியே விட்டுவைப்பதுதான் மரியாதை.

பொதுப்பணத்தில் இயங்கும் நிறுவனம் இப்பணியை ஏற்றால் எவ்வாறிருக்கும் என்பதற்கும் இங்கிலாந்திலேயே சான்று உண்டு. வால் கெஸ்ற் நெறிப்படுத்தி 1961 இல் வந்த 'த டே த ஏர்த் கோட் பயர்' என்னும் படத்தைப் பிரித்தானிய திரைப்பட நிறுவனம் மீட்டு 2014 இல் இறுவட்டாக வெளியிட்டது. அமெரிக்காவும் சோவியத் நாடும் ஏககாலத்தில் நடத்திய அணுகுண்டுப் பரிசோதனையால் பூமி தன் பாதை தவறிச் சூரியனை நோக்கிச் செல்வதும், அச்செய்தியை ஒரு பத்திரிகைக் காரியாலயம் துருவிக் கண்டுபிடிப்பதுமே கதை. அணுவாயுத எதிர்ப்பு இயக்கம் இலண்டன் வீதிகளை நிறைத்த காலத்தின் படம். அதன் தொடக்கமும் முடிவும் மட்டும், வெம்மை தகிக்குமாறு, மஞ்சட் செம்மை நிறம் ஊட்டப்பட்டவை. பின்வந்த பல பிரதிகளில் அந்நிறம் காணாமற்போய் வெறும் கறுப்பு வெள்ளையாகிவிட்டது. மீட்டவர்கள் அதைத் திரும்பக் கொணர்ந்தார்கள். இதுவும் வர்ணம் சேர்த்ததுதான். ஆனால் படைத்தவர் இட்ட வர்ணம், அவர் இட்ட இடத்தில் மட்டும். லெஜண்ட் பிலிம்சின் தூரிகைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை மாணவர்கள் தாமே அளந்துகொள்ளலாம்.

பேணுவது ஒரு பக்கம், உடைமை இன்னொரு பக்கம். 'திங்ஸ் டு கம்' பொதுவுடைமையாகக் கிடந்த நாளில் அதைப் பேணுவார் இல்லை. பேணுவார் வந்தபோது அது பொதுவுடைமையாக இல்லை. 2013 இல் அமெரிக்காவின் கிரைற்றீரியன் நிறுவனம் வெளியிட்ட பதிப்பு நேர்த்தியானது என்பதை மறுக்க மாட்டேன். ஹங்கேரியக் கலைஞர் லாஸ்லோ மொஹோலி-நாஜ் இப்படத்துக்கென எடுத்து, பெரும்பகுதி பயன்படாமற்போன சோதனைக் காட்சிகளையும் அதிற் சேர்த்தார்கள். நன்றி. ஆனால் அதன் விலை ஏறக்குறைய 40 டொலர். இங்குள்ள ஆசிரியர் ஒருவரின் ஒரு கிழமை ஊதியத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். கடன்பட்டு வாங்கினாலும் ஓடாது. இவ்வகைப் புளூ-ரே இறுவட்டுகளுக்கு உலகை மூன்று வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா முதல் வலயம், ஐரோப்பா இரண்டாவது, இந்தியாவும் இலங்கையும் மூன்றாவது. பழைய டிவிடி முறையில் வலயம் ஆறு. எமக்கு விதிக்கப்பட்டது ஐந்தாவது. ஒரு வலயத்துக்கென்று பூட்டிய தட்டு மற்ற வலயத்துக் கருவியில் இயங்காது. தட்டும் ஒன்றே, ஒளியும் ஒன்றே. இடையில் நிற்பது சந்தையின் பூட்டு. இதனாற்றான் எம் மாணவர் இன்னும் அந்தப் பழைய தகரமழைப் பிரதியையே எங்கிருந்தோ பெற்றுப் பார்த்துவிட்டு, பழைய படமென்றால் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

பொதுநூலகம் எந்த நியாயத்தில் இயங்குகின்றதோ அந்த நியாயத்திலே படங்களும் மீட்கப்பட்டு வழங்கப்பட வேண்டும். இதனைக் கனவு என்பவர்க்கு ஒன்று சொல்வேன்: பிரித்தானியாவின் தேசியத் திரைப்படக் களஞ்சியம் 1935 இலேயே, இப்படம் வெளிவருவதற்கு ஓராண்டு முன்பே, நூலகம் என்ற பெயரோடுதான் தொடங்கப்பட்டது. மீட்புக்குப் பொதுப்பணம் செல்லும் இடத்தில், மீட்ட பிரதியைப் பாடசாலைகளும் கலாசாலைகளும் எந்நாட்டவையாயினும் விலையின்றிப் பெறவேண்டும் என்ற நிபந்தனையும் உடன் செல்லட்டும். எது வெட்டுண்டது, யாரால், எப்போது, எங்கே கணினி நிரப்பியது என்னும் பட்டியலும் ஒவ்வொரு தட்டோடும் வரட்டும். ஓர் இலக்கியப் பதிப்பாசிரியனிடம் நாம் கேட்பதற்கு மேலாக இதில் ஒன்றுமில்லை.

காயத்தை மறைக்காமற் காட்டிய அந்த நெற்வேர்க் நிறுவனம் 2023 இல் நொடித்துக் கலைந்தது. நிழற்படமும் வாசகமும் சேர்ந்த அந்த நீண்ட வடிவத்தை இன்று தேடுவோர் பழைய பொருள் விற்பவரிடமே கேட்டுப் பெறவேண்டும். அமெரிக்காவில் 'திங்ஸ் டு கம்' படத்தின் உரிமை 2031 இறுதியோடு முடிகின்றது. 2032 சனவரி முதல் நாளிலிருந்து அங்கே எவரும் அதைப் பிரதி செய்யலாம். ஆனால் தேய்ந்த பிரதி எவரிடமும் இருக்கும். தூய்மை செய்த பிரதியோ அதை வைத்திருக்கும் நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்கும். அதைத் திறந்து கொடு என்று எந்தச் சட்டமும் அந்நிறுவனத்தைக் கேட்கப்போவதில்லை.